இலையுதிர் காலத்துக்கு மூன்று கரண்டி

ஷாங்காய்
8 ஆகஸ்ட் 1988, இலையுதிர் காலம் தொடங்கிய மறுநாள்

அன்புத் தங்கை நிங்குக்கு,

நான் நலம். நீயும் நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ நலமாக இல்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது. கோதுமை அறுவடையிலிருந்து இருமல், ஆறு வாரமாகிறது. அதை முதல் வரியில் எழுதாமல் கடைசி வரியில், கையெழுத்துக்கு மேலே ஒளித்து வைத்திருக்கிறாய். சின்ன வயதில் உடைத்த கிண்ணத்தை அலமாரியின் பின்னால் வைப்பாயே, அதே புத்தி.

சளி இல்லை, தொண்டை வறண்டு அரிக்கிறது, விடியும்போது அதிகம், உதடு வெடிக்கிறது. நீ எழுதியது இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கும் தேவையில்லை. இது இலையுதிர் காலத்து வறட்சி. உங்கள் பாலைவனத்தில் இங்கே வருவதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடுகிறது. இது நுரையீரலின் பருவம், வறண்ட காற்று முதலில் தொடுவதும் அதைத்தான். எங்கள் நாட்டு மருந்துக்கடையில் திங் அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். மருந்துப் பெட்டியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "யாருக்கு? மேற்கே இருக்காளே, அவளுக்கா? பேரிக்காயைக் குடைஞ்சு வேகவைக்கச் சொல்லு. இதுக்குப் போய் என்னைக் கேக்குறியே, காலேஜ் படிச்சவ!" என்றார்.

பண்ணை மருத்துவமனையில் ஒரு சின்ன டாக்டர், நகரத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாக்கைப் பார்க்கத் தெரியாது, படம்தான் பார்க்கத் தெரியும். ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் தூசியைக் குடித்துக்கொண்டு போய் நுரையீரலைப் படம் எடுக்க வேண்டுமா? போகாதே. மூன்று வாரம் நான் சொல்வதைக் கேள்.

பொட்டலத்தில் பெய்மூ கிழங்குத் தூள், லில்லிக் கிழங்குச் செதில், வெள்ளைக் காளான், நான் காய்ச்சிய பேரிக்காய்ப் பாகு ஒரு ஜாடி. பேரிக்காயின் மூடியைச் சீவி, நடுவைக் குடைந்து, தூளும் கற்கண்டும் போட்டு ஆவியில் வேகவை. பாகு தினம் மூன்று கரண்டி. இஞ்சியும் மிளகாயும் வேண்டாம். சீக்கிரம் படு, கோழியோடு எழுந்திரு. சாயங்காலக் காற்றில் நின்று இலை உதிர்வதைப் பார்த்துப் பெருமூச்சு விடாதே. துக்கம் தங்குவதும் நுரையீரலில்தான்.

தெஷானை விசாரித்ததாகச் சொல். உன் வீட்டுக்காரனின் மூட்டுவலிக்குத் தனிப் பொட்டலம், சிவப்பு நூல் கட்டியது. மாற்றிச் சாப்பிட்டு விடாதீர்கள்.

உன் உடம்பைப் பற்றி முதல் வரியில் எழுது.

அக்கா,
லான்


மூன்றாம் கால்வாய்ப் பண்ணை, சின்ஜியாங்
24 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வரியில் எழுதுகிறேன்: இருமல் குறைந்திருக்கிறது. உன் கழுத்துச் சுளுக்கு எப்படி இருக்கிறது? நீ அதைக் கடைசி வரியில்கூட எழுதவில்லை. திங் அண்ணன்தான் போன வருடம் ஒரு கடிதத்தில் எனக்குக் காட்டிக் கொடுத்தார்.

பொட்டலத்தைப் பிரித்ததும் தெஷான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். "பேரிக்கா விளையுற ஊருக்கு ஷாங்காய்லேர்ந்து பேரிக்காப் பாகு! உங்கக்கா அடுத்த தடவை மணல் அனுப்புவாங்க பாரு" என்றார். சிரித்துவிட்டு அவரே தோட்டத்துக்குப் போய்ப் பத்துப் பழம் பறித்து வந்தார். தினமும் அவர்தான் குடைகிறார். கால்வாய் மதகின் திருகைச் சுற்றுகிற கை அவருடையது. முதல் மூன்று பழமும் ஓட்டையாகிவிட்டன.

மெய்யாகவே கேட்கிறது அக்கா. விடியற்காலை இருமல் பாதிக்கு வந்துவிட்டது. இந்த ஒரு வாரமாகத்தான் தூங்குகிறேன். எக்ஸ்ரே பஸ்ஸை விட்டுவிட்டேன். சின்ன டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "டீச்சர், நான் சொல்றதைச் சொல்லிட்டேன்" என்றாள். "எங்க அக்கா உன்னைவிட முன்னாடி சொல்லிட்டாங்களே" என்றேன்.

இலையுதிர் தொடக்கத்தன்று பருத்தித் தராசில் எல்லோரையும் எடை போட்டார்கள். கோடையில் யார் எவ்வளவு இளைத்தார்கள் என்று பார்க்கும் வேடிக்கை உனக்குத் தெரியுமே. இந்த வருடம் நான்தான் முதல் பரிசு. ஆறு கிலோ. எடைக்காரர், "டீச்சரம்மா, உங்களை மூட்டையில போட்டா ரெண்டாந் தரம்னு எழுத வேண்டியதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வசந்த விழாவுக்கு எனக்கு ஊருக்கு வரும் முறை வருகிறது. நான்கு வருடத்துக்கு ஒரு முறை. மறந்துவிடாதே, என் பெட்டியை மச்சிலிருந்து இறக்கி வை.

உன் சொல் பேச்சுக் கேட்கும் தங்கை,
நிங்


ஷாங்காய்
8 செப்டம்பர், வெண்பனித்துளி நாளுக்கு மறுநாள்

அன்பு நிங்குக்கு,

நான் நலம், கழுத்தும் நலம், திங் அண்ணனுக்கு வாய் நீளம்.

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "தூங்குகிறேன்" என்று நீ எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். மருந்து கேட்கிறது என்றால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தோம் என்று அர்த்தம். இன்னும் மூன்று வாரத்துக்கு அனுப்புகிறேன். இந்தத் தடவை பாதாமி விதையும் சேர்த்திருக்கிறேன், அதிகம் போடாதே.

ஆறு கிலோ அதிகம். கோடையில் பசி இருந்திருக்காது. இலையுதிர் காலத்தில் இழந்த சதையைத் திரும்பப் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் அந்த எடை போடும் வழக்கமே, சிரிக்க இல்லை. ஆட்டுக்கறி சூடு, உனக்கு ஆகாது. வாத்து கிடைத்தால் லில்லிக் கிழங்கு போட்டுக் கஞ்சி வை. கால்வாயோரம் வாத்தே இல்லை என்று தெஷான் ஏதாவது வேடிக்கை பேசுவான். நம்பாதே, தேடச் சொல்.

கடிதத்தில் நாடி பார்க்க முடியாதது ஒன்றுதான் குறை. சில சமயம் உன் காகிதத்தின் மேல் மூன்று விரலையும் வைத்துப் பார்க்கிறேன். பைத்தியம் என்று நினைக்காதே. கல்யாணம் ஆகாத நாற்பத்தைந்து வயதுக்காரி அறையில் தனியாக இருக்கும்போது என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை.

நிலா அப்பம் இரண்டு வைத்திருக்கிறேன், தாமரை விதை வைத்தது. நொறுங்காமல் வந்தால் எழுது.

அக்கா,
லான்


மூன்றாம் கால்வாய்ப் பண்ணை
5 அக்டோபர்

மரியாதைக்குரிய பெரியக்காவுக்கு,

தெஷான் எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலா விழாவுக்கு மூன்றாம் நாள், பள்ளிக்கூடமே பறிப்புக்குப் போயிருந்த பருத்திக்காட்டில், நிங் இருமினாள். கையில் இருந்த பஞ்சு சிவந்துபோனது. அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்கள். மூன்றாம் தேதி நகரத்துக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்த மாதிரி நோயை நோயாளியிடம் சொல்கிற வழக்கமில்லையே, டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இடது நுரையீரல் முழுக்க, வலதிலும் கொஞ்சம். கட்டி. அறுக்க முடியாது. இரண்டு மாதம், மூன்று மாதம் என்றார்.

"ஏன்யா இத்தனை நாள் வரலை?" என்று கேட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "என்னவாம்?" என்றாள். "பழைய நிமோனியாத் தழும்பாம், காத்து வறட்சியில புண்ணாயிருக்காம், ஓய்வு எடுக்கணுமாம்" என்றேன். நல்லபடியாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். "அதான் அக்கா அப்பவே சொன்னா" என்றாள். வரும் வழியில் பஸ்ஸில் தூங்கினாள்.

அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒரே வாரத்தில் விழுந்துவிடுவாள். அதனால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் வரக்கூடாது. அவள் இங்கே வந்த இருபத்து மூன்று வருடத்தில் நீங்கள் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. இப்போது வந்து வாசலில் நின்றால் நான் வாயைத் திறக்கவே வேண்டாம். கடிதம் மட்டும் எப்போதும் போல எழுதுங்கள். பருவ நாள் தவறாமல் எழுதுவீர்களே, குளிர்பனி நாள் கடிதம் எங்கே என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தனியாக எழுதுவதாக இருந்தால் கால்வாய் அலுவலக முகவரிக்கு எழுதுங்கள்.

பேரிக்காய் இன்னும் குடைந்துகொண்டுதான் இருக்கிறேன். இப்போதெல்லாம் ஓட்டையாவதில்லை.

வணக்கத்துடன்,
கோங் தெஷான்


ஷாங்காய்
15 அக்டோபர்

தம்பி தெஷானுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கடையில் நின்றபடியே படித்தேன். பிறகு ஒரு வாடிக்கையாளருக்குச் செவந்தியும் அதிமதுரமும் நிறுத்துக் கொடுத்தேன். சரியாகத்தான் நிறுத்தேன், திங் அண்ணன் திரும்ப நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், வலி எப்படி, இரவில் எத்தனை தலையணை வைக்கிறாள், காலில் வீக்கம் உண்டா, எல்லாம் எழுது. வலிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று எழுது.

உன்னிடம் ஒன்று கேட்க இருந்தேன். ஆகஸ்டிலேயே போயிருந்தால் என்று டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று. எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை. ஆனால் நீ பதில் எழுத வேண்டாம்.

வரவேண்டாம் என்கிறாய். நீ சொல்வது சரிதான் என்று என் புத்திக்குத் தெரிகிறது. ரயில் நிலையம் வரை நடந்து போனேன். உங்கள் பக்கம் போகும் ரயிலுக்கு உரும்ச்சி என்று எழுதிய பலகையின் கீழ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவளுக்குத் தனிக் கடிதம் இதே தபாலில் வருகிறது. நீ முதலில் படிக்க முடிந்தால் படி. எங்காவது வழுக்கியிருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

நீ சாப்பிடுகிறாயா?

லான்


ஷாங்காய்
15 அக்டோபர், குளிர்பனி நாள் கழிந்து ஒரு வாரம்

அன்பு நிங்குக்கு,

நான் நலம். பழைய நிமோனியாத் தழும்பு என்று கேள்விப்பட்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை. அந்தத் தழும்புகள் இலையுதிர் காலத்தில்தான் தொந்தரவு செய்யும், குளிர் வந்து காற்றில் ஈரம் சேர்ந்ததும் அடங்கிவிடும்.

குளிர்பனிக்குப் பிறகு பாதத்தைச் சூடாக வைத்துக்கொள். படுக்கும் முன் வெந்நீரில் பத்து நிமிடம் வை. லில்லிக் கிழங்கை ஊறவைக்கும் தண்ணீர் இரண்டு கிண்ணம். வெள்ளைக் காளான் பிசுபிசுப்பாகும் வரை வேகவேண்டும். மூக்கின் இரண்டு பக்கமும் நடுவிரலால் முப்பது தடவை தேய். லில்லிக் கிழங்குக்குத் தண்ணீர் இரண்டு கிண்ணம். பருத்திக்காட்டுக்கு இந்த வருடம் போக வேண்டாம். புத்தகம் படி. உனக்குப் பிடித்ததைச் சாப்பிடு. ஆட்டுக்கறி ஆசையாக இருந்தால் அதையும் சாப்பிடு. மிளகாய்கூடக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே தெருவோர மரங்கள் இலை உதிர்க்க ஆரம்பித்துவிட்டன. பெருக்குகிற அம்மாள் தினம் திட்டுகிறாள். உன் பெட்டியை மச்சிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். வசந்த விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாலும்.

நன்றாக இரு, கண்ணு.

அக்கா,
லான்


மூன்றாம் கால்வாய்ப் பண்ணை
26 அக்டோபர், உறைபனி நாள் கழிந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து நகரத்தில் தபாலில் போடச் சொல்கிறேன். தெஷானுக்குத் தெரியாது. முதல் வரியில் எழுதச் சொல்வாய், எழுதுகிறேன்: எனக்குத் தெரியும்.

அவர் சொல்லவில்லை. பாவம், நன்றாகவே நடிக்கிறார். துணி துவைக்கும்போது பாடுகிறார். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை, குரல் கதவுக் கீல் மாதிரி இருக்கிறது. காட்டிக் கொடுத்தவள் நீ. உன் கடிதத்தில் ஒரு திட்டுகூட இல்லை அக்கா. என்னை நீ கண்ணு என்று கடைசியாகக் கூப்பிட்டது நான் ரயில் ஏறின அன்று. மிளகாய் சாப்பிடலாமாம்! லில்லிக் கிழங்குக்குத் தண்ணீர் இரண்டு தடவை ஊற்றியிருக்கிறாய்.

ஆனால் அதற்கு முன்பே எனக்குத் தெரியும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மே மாதம் பள்ளிக்கூடத்துக்கு எக்ஸ்ரே வண்டி வந்தது, ஆசிரியர்கள் எல்லோருக்கும் படம் எடுத்தார்கள். என் படத்தைப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்போதே முற்றிப்போயிருந்தது. நான்தான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எதற்கு உனக்கு இருமல் என்று எழுதினேன் என்று கேட்பாய். உன் கையால் ஏதாவது சாப்பிட வேண்டும் போல் இருந்தது. அதனால் ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்காதே. உன் பேரிக்காய் எதையும் தாமதப்படுத்தவில்லை. இந்த வருடம் நான் நன்றாகத் தூங்கினது அந்த மூன்று வாரம்தான்.

வந்துவிடாதே. நீ வந்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் நினைப்பார். கடைசி வரைக்கும் காப்பாற்றினோம் என்று ஒரு நிம்மதியாவது அவருக்கு இருக்கட்டும். அவரிடம் வேறென்ன இருக்கிறது?

வலி பொறுக்கும்படிதான் இருக்கிறது. உன் கழுத்து எப்படி?

நிங்


ஷாங்காய்
5 நவம்பர்

அன்பு நிங்குக்கு,

நான் நலம். நீயும் தெஷானும் நலமா? இந்தக் கடிதத்தை அவனுக்கும் உரக்கப் படித்துக் காட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு செய்தி.

எங்கள் கடைக்கு இந்த வருடம் வந்த அதிமதுரத்தில் பாதி மண். மேனேஜர் குதிக்கிறார். யாராவது மேற்கே போய்ச் சரக்கை நேரில் பார்த்து வரட்டும் என்று பேச்சு வந்தது. "மூட்டையில ரயில்ல வர்ற சாமானைப் பார்க்க ஆளு ரயில்ல போகணுமா?" என்று மேனேஜரே கேட்டார். திங் அண்ணன் விடவில்லை. "போய்ப் பார்க்க இல்ல சார், போய்க் கத்த. கத்துறதுக்கு இந்தக் கடையில லானை விட்டா யாரு?" என்றார். ஆக, என்னைத்தான் அனுப்புகிறார்கள். பதின்மூன்றாம் தேதி ரயில். அதிமதுரம் தோண்டுகிற பண்ணைகள் உங்கள் பக்கம்தானாமே! வழியில் ஐந்து நாள் உங்கள் வீட்டில் தங்குவேன். எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். அதிமதுரம் மட்டும் ஏற்பாடு செய்து வைக்கச் சொல் தெஷானிடம், இரண்டு கட்டு, நல்ல தடிமனாக. கையில் கொண்டு போகாவிட்டால் மேனேஜர் என்னைக் கொன்றுவிடுவார்.

நான் வரும்போது வீடு குப்பையாக இருந்தால் இரண்டு பேரையும் வாசலில் நிறுத்தித் திட்டுவேன். இஞ்சி, மிளகாய் கண்ணில் படக்கூடாது. மூன்று கரண்டிப் பாகு மூன்று கரண்டியாகவே இருக்க வேண்டும். ஜாடியில் அளவு பார்ப்பேன்.

அக்கா,
லான்

(இதனுடன் வந்த செவந்திப்பூப் பொட்டலத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு:)

நிங், நான் வருவது தெஷானுக்காக இல்லை, உனக்காகக்கூட இல்லை. என்னால் இங்கே இருக்க முடியவில்லை. உள்ளே வந்ததும் அதிமதுரத்தைப் பற்றித்தான் பேசுவேன், நீயும் அதையே பேசு. மே மாதத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் சாப்பிட்டேன். சீட்டை அடுப்பில் போடு.


மூன்றாம் கால்வாய்ப் பண்ணை
12 டிசம்பர்

மரியாதைக்குரிய பெரியக்காவுக்கு,

நீங்கள் நலமா? தந்தி கிடைத்திருக்கும். நவம்பர் முப்பதாம் தேதி, காலை பத்து மணிக்கு. வெயில் நன்றாக இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னாள், வைத்தேன். "பேரிக்கா வெந்துருச்சா பாருங்க" என்றாள். பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

நீங்கள் இருந்த ஐந்து நாளும் அவளுக்குத் திருவிழா மாதிரி. நீங்கள் போன பிறகும் தினம் உங்கள் அதிமதுரக் கதையைச் சொல்லச் சொல்வாள். குப்பைக்கூடையைக் காட்டி நீங்கள் என்னைத் திட்டினீர்களே, அதை அப்படியே நடித்துக் காட்டுவாள், மூச்சு வாங்க வாங்க. நீங்கள் கிளம்பின அன்று அதிமதுரக் கட்டு இரண்டையும் பஸ்ஸுக்கு மேலே நான் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டு ஜன்னலில் நின்று, "அக்கா, அடுத்த வருஷம் சரக்குல மண்ணு இருந்தா திரும்ப வரணும்" என்று கத்தினாள். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டீர்கள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். வரவில்லை.

கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது பெரியக்கா. நாம் இரண்டு பேரும் காப்பாற்றிவிட்டோம். நீங்கள் வரக்கூடாது என்று முதலில் எழுதினேன், அதற்கு மன்னியுங்கள். நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்தீர்கள்.

அறையைச் சுத்தம் செய்தேன். அவள் துணியில் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். எக்ஸ்ரேயை மட்டும் கொடுக்க மனசில்லை. கல்யாணப் படத்துக்கு அப்புறம் அவளை யாரும் படம் எடுத்ததில்லை, இது ஒன்றுதான் இருக்கிறது. ஜன்னலில் செருகி வைத்திருக்கிறேன், காலையில் வெளிச்சம் வரும். இன்னொன்று இருந்திருக்கலாம். மே மாதம் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு எக்ஸ்ரே வண்டி வருவதாக இருந்தது. மலையில் பனி உருகிக் கால்வாய்ப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போனது. மதகில் நான்தான் நின்றேன். "போக முடியாது, திருப்பு" என்று கையைக் காட்டி அந்த வண்டியைத் திருப்பி அனுப்பினவன் நான்தான். அப்புறம் அது இந்தப் பக்கம் வரவே இல்லை, ஒரு டீச்சருக்கும் படம் எடுக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் குறைவில்லை. பத்து நாளாகக் கொஞ்சம் இருமல். சளி இல்லை, தொண்டை வறண்டு அரிக்கிறது. காலையில் அதிகம். அழுததில் வந்ததாக இருக்கும், துக்கம் அங்கேதான் தங்கும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். உங்கள் பாகு கால் ஜாடி மிச்சம் இருக்கிறது. வீணாக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். ஆண்களுக்கும் மூன்று கரண்டிதானா?

வணக்கத்துடன்,
கோங் தெஷான்


ஷாங்காய்
22 டிசம்பர்

தெஷான்,

பாலத்துக்கு மேலே தண்ணீர் போனால் யாராக இருந்தாலும் வண்டியைத் திருப்பத்தான் செய்வார்கள். ஆகஸ்டில் தண்ணீர் இல்லை, பஸ் ஓடியது, டாக்டர் போகச் சொன்னாள். போகாதே என்று எழுதியவள் நான். அந்தக் கடிதம் அவள் சாமானில் எங்காவது இருக்கும், எடுத்துப் படித்துப் பார்.

பாகைக் கொட்டிவிடு. ஜாடியைக் கழுவி வை. பேரிக்காய் வேண்டாம், லில்லிக் கிழங்கு வேண்டாம். எதனால் வந்த இருமல் என்று எனக்குத் தெரியாது. இங்கிருந்து எனக்கு எதுவும் தெரியாது.

இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் முதல் பஸ்ஸில் நகரத்துக்குப் போய் எக்ஸ்ரே எடு. டாக்டர் உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டாலும் உள்ளே போய் உட்கார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எனக்கு எழுது.

நலம் விசாரிக்கவில்லை என்று நினைக்காதே. படம் வரட்டும், கேட்கிறேன்.

லான்